வினா எண் பதினேழு

செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.
கணினிக்குத் தூசி ஆகாதாம்.
சேப்பாக்கத்தில் மே மாதம் வெளியே கொதிக்க,
உள்ளே குளிரில் நாற்பது பேர்
முந்தானையைப் போர்த்திக்கொண்டு
திரையில் தாள் திருத்துகிறோம்.
இந்த ஆண்டிலிருந்து சிவப்புப் பேனா கிடையாது.

வினா எண் பதினேழு:
ஜப்பானும் சீனாவும் மேற்கொண்ட
சீர்திருத்த முயற்சிகளை ஒப்பிடுக.
பதினைந்து மதிப்பெண்.
ஜப்பான் வென்றது, சீனா தோற்றது
என்கிறது விடைக்குறிப்பு.
காரணம் ஒன்றுக்கு இரண்டு,
ஆண்டு சரியாக இருந்தால் அரை.

முதல் எண்பது தாளும்
ஒரே கைடு பெற்ற பிள்ளைகள்.
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.
'ஜப்பான் குடுமியை வெட்டியது.
சீனா பின்னலைக் காப்பாற்றியது.
பீரங்கி வாங்கிய சீனா
பழைய தேர்வுமுறையை மட்டும் விடவில்லை.'
இதற்கு மதிப்பெண் போடும்போது
கொஞ்சம் கூச்சமாக இருந்தது எனக்கு.

ஞானதிரவியம் சார் ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம்.
மதிப்பெண்ணை முதலில்
பழைய டைரியில் சிவப்பில் எழுதுவார்.
பிறகு ஒற்றை விரலால் தட்டுவார்.
'மெஷின் அவங்களுது, மனசு நம்மளுது' என்பார்.
ஹபீபா இரண்டே நாளில் எல்லாம் படித்துவிட்டாள்,
இப்போது பயிற்சியாளர் அட்டை
கழுத்தில் தொங்குகிறது.
யார் ஜப்பான், யார் சீனா என்று
தேநீர் வேளையில் சொல்லிச் சிரித்தோம்.
கௌரவ விரிவுரையாளர் நான்.
தாளுக்கு இவ்வளவு என்று கூலி.
எந்த நாடும் என்னைக் கேட்கவில்லை.

தோக்கியோவில் முதல் ரயில் ஓடிய நாளில்
ஏறியவர்கள் செருப்பை நடைமேடையில் கழற்றிவிட்டு
யோகோஹாமாவில் இறங்கித் தேடினார்களாம்.
உண்மையோ கட்டுக்கதையோ,
வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் சிரிக்கும்.
நான்கு வருடம் கழித்து
ஷாங்காய்ப் பக்கம் ஓடிய ரயிலை
முழு விலை கொடுத்து வாங்கி
தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தது சீன அரசு.
அதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.
'ஏன் மிஸ்?' என்பார்கள்.
பதினோரு வருடமாக
ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்கிறேன்.

நூற்று முப்பத்தேழாவது தாள்.
பெயர் இல்லை, கோடு கோடாய்ப் பட்டைக்குறி.
சாய்ந்த, அவசரமில்லாத கையெழுத்து.
சீனா குடுமியை வெட்டுகிறது.
சீனா ஊர் ஊராய்ப் பள்ளி திறக்கிறது.
ஜப்பான் தண்டவாளத்தைப் பெயர்க்கிறது.
கடைசியில் சீனக் கப்பல்கள்
ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடிக்கின்றன.
காரணங்கள் சரி, வரிசை சரி, ஆண்டுகள்கூடச் சரி.
இரண்டு பெயரும் மட்டும் இடம் மாறி
மூன்று பக்கம், ஓரிடத்திலும் தடுமாறாமல்.

விடைக்குறிப்பு 1895-இல் நின்றுவிடுகிறது.
மேஜைமேல் கிடக்கும் என் கைப்பேசி
எந்த ஊரில் செய்தது என்று
திருப்பிப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

மூன்றாம் பக்கத்தின் அடியில்
எந்தக் கைடிலும் இல்லாத ஒரு வரி:
'இதற்கெல்லாம் நிலவரி கட்டினவன் கலகம் பண்ணினான்,
அவன் பெயரை எங்களுக்கு நடத்தவில்லை.'
அதில் நாட்டின் பெயர் இல்லை,
அதனால் தப்பும் இல்லை.

அந்த வரிக்குத் திரையில் கட்டம் கிடையாது.
'ஏனையவை' என்றொரு சின்னக் கட்டம் இருந்தது.
அதிகபட்சம் இரண்டு.
இரண்டையும் போட்டேன்.
காரணங்களுக்கு என்ன போடுவது?
சுட்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
'நேரம் முடிகிறது மேடம்' என்றாள் ஹபீபா,
தோழியாக அல்ல, அட்டையாக.
ஏதோ ஒரு எண்ணைத் தட்டினேன்.
சமர்ப்பித்த தாளை மறுபடி திறக்க முடியாது.

வெளியே வெயிலில் நாற்பது ஜோடி.
ஞானதிரவியம் சார்
ஒற்றைச் செருப்போடு நின்று
மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.
பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே
பறக்கும் ரயில் எப்போதும்போல் ஊர்ந்து வந்தது.
கால்வாயில் படகு கிடையாது.
ஏறினோம்.